இன்ஜின் இல்லாமல் உருளும் 130 டன் வேகன்... நிலக்கரிச் சுரங்கங்களில் அதை நிறுத்துவது யார்? விதிகள் சொல்வது என்ன?

2024 பிப்ரவரி 25. ஜம்மு காஷ்மீரின் கதுவாவில் நின்றிருந்த 53 வேகன்கள் கொண்ட சரக்கு ரயில், ஓட்டுநர் இல்லாமலேயே கிளம்பி, சுமார் 70 கிலோமீட்டர் ஓடி பஞ்சாபில் போய் நின்றது. வீடியோவைப் பார்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: அது எப்படி தானா ஓடும்?

சரிவு இருந்தால் போதும், ஓடும். அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்தச் சரிவை வேண்டுமென்றே பயன்படுத்தும் ஒரு வேலையே இருக்கிறது. அதைச் செய்பவருக்கு 'கார் டிராப்பர்' என்று பெயர்.

என்ன வேலை இது?

மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி மாதிரியான மலைப்பகுதிகளில் உள்ள பழைய பாணி லோடிங் இடங்களில், ரயில் நிறுவனம் காலி வேகன்களை மேட்டுப் பக்கத் தண்டவாளத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். கொஞ்சம் கீழே, நிலக்கரி கொட்டும் சூட். தொழிலாளி வேகனின் ஓரத்தில் இருக்கும் சின்ன மேடையில் ஏறி, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்துவார். வேகன் மெல்ல உருண்டு சூட்டுக்கு அடியில் வரும். பிரேக்கை இறுக்கி நிறுத்துவார். லோடு ஆனதும் மறுபடி தளர்த்தினால், இன்னும் கீழே உள்ள தண்டவாளத்துக்குப் போய்ச் சேரும். இன்ஜினே தேவையில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். அங்கே லோடு ஏற்றிய வேகனின் வழக்கமான உச்ச எடை 2,86,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 130 டன். 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் என்பது கண்ணுக்கே தெரியாத சரிவு. அதில்கூட சுமார் 1.3 டன் விசை வேகனைக் கீழே இழுக்கும். இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம் என்பதால் உராய்வு மிகக் குறைவு. பிரேக் பிடிக்காவிட்டால் அரை நிமிடத்தில் சுமார் 8 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். ஓடிப்போய் ஏறி நிறுத்திடலாம் என்று தோன்றுகிற வேகம்தான் அது. ஆபத்தே அங்கதான். ஓடுகிற 130 டன்னை ஒரு மனிதனால் பிடித்து நிறுத்த முடியாது.

ஏர் பிரேக் இருக்குமே?

இருக்கும். ஆனால் இன்ஜின் கழன்ற பிறகு, வேகனில் அடைபட்டிருக்கும் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போகும். உருட்டி விடுவதற்காகக் காற்றைத் தொழிலாளர்களே திறந்து விடுவதும் உண்டு. அதன் பிறகு மிஞ்சுவது ஒரு சக்கரம், ஒரு சங்கிலி, அதை இறுக்கும் கை. அதனால்தான் வேகனை விடுவதற்கு முன் அதன் பிரேக் பிடிக்கிறதா என்று சோதிப்பது இந்த வேலையின் முதல் பாடம்.

கனடாவின் லாக்-மெகான்டிக் நகரம் இதற்கு விலை கொடுத்தது. 2013 ஜூலையில் கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டேங்கர்கள் கொண்ட ரயில் சரிவில் நிறுத்தப்பட்டிருந்தது. போடப்பட்ட ஹேண்ட் பிரேக்குகள் ஏழு. இன்ஜின் அணைக்கப்பட்டு, காற்று கசிந்ததும் ரயில் உருண்டு ஊருக்குள் பாய்ந்தது. 47 பேர் இறந்தார்கள். குறைந்தது 17 பிரேக்குகளாவது தேவைப்பட்டிருக்கும் என்றது விசாரணை.

விதி என்ன சொல்கிறது?

1968-ல் மேற்கு வர்ஜீனியாவின் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் பலியானதைத் தொடர்ந்து, மறு ஆண்டே கடுமையான நிலக்கரிச் சுரங்கச் சட்டம் வந்தது. இன்று இதைக் கவனிப்பது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கீழ் உள்ள சுரங்கப் பாதுகாப்பு மற்றும் சுகாதார நிர்வாகம். நிலத்துக்கு மேலே நடக்கும் வேலைகளுக்கான விதிகள், கூட்டாட்சி விதித் தொகுப்பு 30-ன் 77-வது பகுதியில் இருக்கின்றன.

அதன்படி, உருளும் வேகன் எந்நேரமும் கார் டிராப்பரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். பாதுகாப்பான வேகத்தில் இறக்க வேண்டும். அதோடு, அவர் நிற்கும் இடமும் பாதுகாப்பாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரி முக்கியம். சூட்டின் தூணுக்கும் வேகனுக்கும் இடையே ஓரடி இடைவெளி இருக்கிற இடத்தில் மேடையின் வெளிப்பக்கம் தொங்கிக்கொண்டு போனால், பிரேக் நன்றாக இருந்தும் பிரயோஜனமில்லை. இடைவெளி ஆபத்தாக இருக்கும் இடங்களில் எல்லோர் கண்ணிலும் படும்படி அடையாளம் வைக்க வேண்டும் என்று தனி விதியே உண்டு. கீழே விழும் ஆபத்துள்ள இடத்தில் பாதுகாப்பு பெல்ட்டும் கட்டாயம்.

நிற்கும் வேகனுக்கும் விதி உண்டு. பிரேக் முழுசாகப் பிடிக்கவில்லை என்றால் கட்டை வைத்து அடைக்க வேண்டும். ஆட்கள் இருக்கும் பக்கம் வேகன் ஓடி வர வாய்ப்பிருந்தால் தடுப்புக் கட்டையோ, வேகனை வேண்டுமென்றே தடம் இறக்கிவிடும் 'டிரெயில்' கருவியோ பொருத்த வேண்டும். பக்கத்துத் தண்டவாளத்தில் போகும் வண்டிக்கு இடிக்கிற மாதிரி வேகனை விட்டுப் போகக் கூடாது. பெட்டியின் விளிம்புக்கு மேல் குவிந்த நிலக்கரியைச் சீராக்க வேண்டும்.

இன்ஜின் இல்லாத வேகன் கிட்டத்தட்ட சத்தமே இல்லாமல் வரும். பக்கத்தில் கன்வேயர் இரைந்துகொண்டிருந்தால் சுத்தமாகக் கேட்காது. அதனால் நிற்கிற இரண்டு வேகன்களுக்கு நடுவே புகுந்து குறுக்கே போவது மிக மோசமான பழக்கம். மேலே ஒரு வேகன் வந்து மோதினால், வரிசையில் உள்ள அத்தனையும் ஒரு நொடியில் நகரும். கப்ளிங் சரியில்லை என்று கையால் சரிசெய்யப் போகிறவருக்கும் இதே நிலைதான்.

இப்போது வயோமிங் மாதிரியான பெரிய சுரங்கங்களில் 100-க்கும் மேற்பட்ட வேகன்களோடு ரயில் முழுசாக, இன்ஜினோடவே, சைலோவுக்கு அடியில் நடை வேகத்தைவிட மெதுவாக ஊர்ந்து லோடு ஆகிறது. அங்கே கார் டிராப்பருக்கு வேலை இல்லை. ஆனால் பழுதாகி ஓரமாகக் கழற்றி விடப்படும் வேகனுக்கு அங்கேயும் அதே ஹேண்ட் பிரேக், அதே கட்டைதான்.