கிணற்றடியில் சுட்ட குண்டும் ஆயுதச் சட்டமும்

போன வாரம் மாலை நடையின்போது எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் என்னை நிறுத்தினார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருப்பவர். "ஐயா, நீங்க தாலுகா ஆபீஸ்ல இருந்தவர். பொண்ணு ஏர் ரைபிள் சுடப் பழகறா. மொட்டை மாடியிலேயே பத்து மீட்டருக்கு இடம் இருக்கு. நம்ம வீட்டுக்குள்ள நாம சுட்டா சட்டப்படி தப்பா?" என்று கேட்டார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அன்றிரவு சரியாகத் தூக்கமில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் சட்டத்தின் கதை.

1878இல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. 1857ஐ மறக்காத அரசு அது. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். தன் பங்களாத் தோட்டத்தில் துரை பாட்டிலை வரிசையாக நிறுத்திச் சுட்டால் அது பொழுதுபோக்கு, அடுத்த வீட்டு மிராசுதார் சுட்டால் குற்றம். 1887 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மூன்றாவது மாநாட்டிலேயே இந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டார்கள். பிபின் சந்திர பால் அங்கே இதற்காக ஆவேசமாகப் பேசினார். 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் ஒன்றாக இருந்தது. 1950இல் வந்த அரசியல் சாசனத்தில் அந்த உரிமை இடம் பெறவில்லை. ஆட்சிக்கு வந்தபின் யாருக்கும் அந்த ஞாபகம் வருவதில்லை போலும்!

நான் பிறந்து வளர்ந்த புதுச்சேரியில் கதை வேறு. அங்கே பிரெஞ்சு ஆட்சி, ஆகவே வெள்ளைக்காரனின் 1878 சட்டம் எங்கள் எல்லையோடு நின்றுவிடும். வ.வே.சு. ஐயர் புதுவையில் இளைஞர்களுக்குக் கைத்துப்பாக்கி சுடப் பழக்கியதும், வாஞ்சிநாதன் அங்கே வந்து பழகிக்கொண்டு 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் ஆஷைச் சுட்டதும் நீங்கள் படித்ததுதான். குறி பார்த்துப் பழக எல்லை தாண்டி ஓர் இடம் தேவைப்பட்ட காலம் அது.

இப்போது நடப்பில் இருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். அதன் விதிகளோடு சேர்ந்து 1962 அக்டோபர் 1இல் அமலுக்கு வந்தது. சென்னைப் பக்கம் குடிவந்து, சர்வீஸ் கமிஷன் எழுதி, பொன்னேரி, திருவள்ளூர் என்று எழுத்தராக உட்கார்ந்த காலத்தில் இந்தச் சட்டத்தின் கோப்புகள் என் மேஜையில் கிடந்தவை. அப்போது நாமெல்லாம் செங்கல்பட்டு ஜில்லா. திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது 1997இல். மனு வந்தால் போலீஸ் அறிக்கை, தாசில்தார் அறிக்கை, பிறகு மேலே. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தல். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடம். தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். துப்பாக்கியைக் கொடுக்க மனமில்லாமல், பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதுபோல் கலங்கி நின்ற ஒரு பெரிய விவசாயியை நான் பார்த்திருக்கிறேன்.

லைசென்ஸில் 'விளையாட்டு', 'தற்காப்பு' என்று நோக்கம் எழுதியிருக்கும். விளையாட்டு என்று எழுதிவிட்டதால் கொல்லைப்புறத்தில் சுடலாம் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். அந்தத் தாள் துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான் அனுமதி, சுடும் இடத்துக்கு அனுமதி அல்ல. சட்டத்தின் 13ஆம் பிரிவில் குறி பார்த்துச் சுடும் பயிற்சி என்ற பேச்சு வரும் இடத்தைப் பாருங்கள்: .22 ரைபிளும் ஏர் ரைபிளும், அரசு அங்கீகரித்த ரைபிள் கிளப் அல்லது சங்கத்தின் உறுப்பினருக்கு. அதாவது இந்தப் பயிற்சி கிளப்பில் நடக்கும் காரியம் என்றே சட்டம் எழுதியவர்கள் மனதில் வைத்திருக்கிறார்கள். 1951இல் தேசிய ரைபிள் சங்கத்தைத் தொடங்கியவரே மக்களவையின் முதல் சபாநாயகர் மாவளங்கர்தான். அதனால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் சுடக்கூடாது என்று நேராக ஒரு வரி உண்டா என்றால், நான் புரட்டிய வரையில் இல்லை. சுற்றி வளைத்து வேறு வரிகள் உண்டு. பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து உண்டாகும்படி அஜாக்கிரதையாக எதைச் செய்தாலும் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 336, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 125. 2019இல் ஆயுதச் சட்டத்திலேயே சேர்த்தார்கள்: துப்பாக்கியை அஜாக்கிரதையாகப் பயன்படுத்தினாலோ, கல்யாணம், கோயில், கூட்டம் என்று கொண்டாட்டத்தில் சுட்டாலோ, அதனால் பிறருக்கு ஆபத்து என்றால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பட்டா உன் பேரில் இருக்கலாம். குண்டுக்குப் பட்டா எல்லை தெரியாது.

இதற்கு விலக்காக ஓர் ஊர் இருக்கிறது. குடகு. கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லைசென்ஸ் விலக்கு. கைல்போத் திருநாளில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிப் பூஜை செய்வார்கள், தேங்காயைக் குறியாக வைத்துச் சுடும் போட்டி நடக்கும், ஆண் பெண் எல்லாரும் சுடுவார்கள். மத்திய அரசு 2019இல் இந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது, 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் சரி என்றது. நமக்கு அந்தச் சலுகை கிடையாது, நம் தேங்காயை அரிவாளால்தான் வெட்ட வேண்டும்.

இந்த மண்ணுக்கும் வெடிமருந்துக்கும் உறவு பழையது. பக்கத்துப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1600களில் கெல்ட்ரியா கோட்டை கட்டி, வெடிமருந்து ஆலையே நடத்தி, கீழைத் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். இன்று அந்த ஏரியில் பூநாரைகளைப் பார்க்க வருகிறார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் ஏர்கன் வேறு, துப்பாக்கி வேறு என்று பார்க்காது. மாடியில் அட்டையைச் சுட ஆரம்பிக்கும் பையன் நாலாம் நாள் மைனாவைப் பார்ப்பான். அது வழக்கில் போய் நிற்கும்.

சரி, ஏர்கன்னுக்கு வருகிறேன். பலூன் சுடும் கடையில் எல்லாருமே பிடித்திருப்போம். 2016 ஆயுத விதிகள்படி குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேலோ, வேகசக்தி 20 ஜூலுக்கு மேலோ போனால் லைசென்ஸ் வேண்டும். அதற்குள் இருந்தால் வேண்டாம். 20 ஜூல் என்பது, ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் சுமார் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழும் சக்தி. போட்டியில் சுடும் பத்து மீட்டர் ரைபிள் அதில் பாதியைக்கூடத் தொடாது. ஆகவே தெருக்கோடி வீட்டுப் பெண் லைசென்ஸ் இல்லாமல் பழகலாம். அபினவ் பிந்த்ரா 2008 பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியது இதே பத்து மீட்டர் ஏர் ரைபிளில்தான். அவருக்கு வீட்டிலேயே சுடுதளம் கட்டிக் கொடுத்திருந்தார் அப்பா. கடலூரில் பிறந்த இளவேனிலும் இதே ரைபிள்தான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் எனக்கு ஏன் தூக்கம் வரவில்லை?

1961. எனக்கு வயது பதினொன்று. எங்கள் பெரியப்பா சொல்தா. இந்தோசீனா வரை போய் வந்து பென்ஷன் வாங்குபவர். புதுவையில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரை அப்படித்தான் சொல்வோம். அவர் வீட்டில் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. யாரும் லைசென்ஸ் கேட்டதில்லை, கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. கிணற்றடியில் கருங்கல் மேடை. அதன்மேல் காலி சிகரெட் டின்களை அடுக்கி நானும் பெரியப்பா மகனும் மாறி மாறிச் சுடுவோம். அவனுக்கு என்னைவிட ஒரு வயது அதிகம், பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அன்று என் முறை. டின்னில் படவில்லை, கல்லில் பட்டது. ஈயக் குண்டு தெறித்துத் திரும்பியது. பக்கத்தில் நின்ற அவன் "ஆ" என்றுகூடச் சொல்லவில்லை, கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இடது கண் போய்விட்டது.

அடுத்த வருடம் ஆகஸ்ட் 16இல் புதுச்சேரி முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தது. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமை. பெரியப்பா எழுதிக் கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் ஆண்பிள்ளை என்றால் பட்டாளம், அதுதான் கணக்கு. பதினெட்டு வயதில் அவன் போனபோது டாக்டர் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு பிரான்சில் ஒரு தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றான். பெரியப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. துப்பாக்கியை மட்டும் அதே கிணற்றில் போட்டுவிட்டார்.

நம் காலத்திலும் நடக்கிறது. 2021 டிசம்பர் 30, புதுக்கோட்டை நார்த்தாமலைப் பக்கம். பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த சுடுதளத்திலிருந்து பறந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. நாலு நாளில் இறந்துவிட்டான். அது பயிற்சி பெற்றவர்கள், மலையடிவாரத்தில், முறையான தளத்தில் சுட்டது.

மறுநாள் தெருக்கோடி வீட்டுக்குப் போனேன். "சட்டப்படி தப்பில்லை, ஆனா மாடியைப் பார்க்கணும்" என்றேன். கைப்பிடிச்சுவர் இடுப்பளவு, அதற்கப்பால் அடுத்த வீட்டுத் துணிக்கொடி. இலக்கை அந்தப் பக்கம் மாட்டியிருந்தார்கள். படிக்கட்டு அறையின் உயரமான சுவர்ப்பக்கம் மாற்றச் சொன்னேன். குண்டு தெறிக்காமல் கீழே விழும்படி சாய்ந்த தகடு வைத்த இரும்புப் பெட்டி, அதன் பின்னால் பழைய கம்பளம், சுடும்போது மாடிக்கதவுக்குத் தாழ்ப்பாள், எல்லாருக்கும் கண்ணாடி. "கண்ணாடி கட்டாயமா ஐயா?" என்றார். "கட்டாயம்" என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

இந்த ஞாயிறு எல்லாம் மாற்றியாயிற்று என்று கூப்பிட்டுக் காட்டினார்கள். இலக்கு அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான், எனக்கு அது கண்ணுக்கே தெரியவில்லை. "தாத்தா, நீங்க ஒரு தடவை சுடறீங்களா?" என்று ரைபிளை நீட்டினாள். வேண்டாம்மா என்று நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

இரவு பிரான்சிலிருந்து வழக்கமான போன். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அந்தப் பொண்ணு பத்துக்கு எத்தனை போடறா?" என்று கேட்டான்.