எடைக்குறைப்பு அறுவைக்குப் பிந்திய உணவுத் தொல்லைகள்

இரைப்பையைச் சுருக்கியோ சிறுகுடலின் வழியை மாற்றியோ செய்யப்படும் எடைக்குறைப்பு அறுவைக்குப் பின், உண்ணும்போதோ உண்ட சில மணி நேரத்துக்குள்ளோ தோன்றும் துன்பங்கள் இவை. நெஞ்சில் உணவு அடைத்துக்கொள்ளுதல், நுரைவாந்தி, குமட்டல், வயிற்றுமுறுக்கு, வயிற்றுப்போக்கு, படபடப்பு, வியர்வை, கிறுகிறுப்பு ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. உண்ணும் முறையை மாற்றிக்கொள்வதாலேயே பெரும்பாலானவை தணிகின்றன. உணவு இரைப்பையில் தங்காமல் சிறுகுடலுக்குள் விரைந்து கொட்டுவதால் வரும் ‘டம்பிங்’ என்ற கோளாறே இவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது.

டம்பிங், எடைக்குறைப்பு அறுவையைவிடப் பழையது. 1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ரோத், புற்று கண்டிருந்த கீழ் இரைப்பையை வெட்டி நீக்கி, எஞ்சியதைச் சிறுகுடலுடன் இணைத்தார். அதே ஆண்டில் அவருடைய உதவியாளர் அன்டன் வோல்ஃப்லர், எதையும் நீக்காமல் இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் இடையே புதிய வாய் திறந்தார். இவ்வகை அறுவைகள் பின்னர் குடற்புண்ணுக்கும் வழக்கமான சிகிச்சையாயின. புண் ஆறியவர்களில் ஒரு பகுதியினர் சாப்பிட்டவுடன் வியர்த்துத் தளர்ந்து படுத்துவிடுவதை மருத்துவர்கள் கண்டனர். இரைப்பை மிக விரைவாகக் காலியாவதே காரணம் என்று 1913இல் ஆர்தர் ஹெர்ட்ஸ் விளக்கினார். 1922இல் அமெரிக்க மருத்துவர் மிக்ஸ் ‘டம்பிங்’ என்ற சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார்.

குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்த பெண்கள் மீண்டும் எடை கூடச் சிரமப்படுவதை அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் கவனித்தார். முந்தைய அறுவையில் பக்கவிளைவாக இருந்ததையே நோக்கமாகக் கொண்டு, சிக்காஷி இட்டோவுடன் சேர்ந்து 1966இல் அவர், இரைப்பையைச் சிறு பையாக்கி உணவை நேரே சிறுகுடலுக்கு விடும் முதல் இரைப்பை பைபாஸைச் செய்தார். 1977இல் வார்டு கிரிஃபன், சுவிட்சர்லாந்தின் சேசர் ரூ வகுத்த ‘ஒய்’ வடிவக் குடலிணைப்பை இதில் புகுத்தினார். பித்தம் மேலேறி வாந்தியாவது அதனால் குறைந்தது. 1994இல் ஆலன் விட்குரோவ் குழுவினர் இதையே லேப்ராஸ்கோப் மூலம் செய்த செய்தியை வெளியிட்டனர். அமிலம் குறைக்கும் மருந்துகளும் ஹெலிகோபாக்டர் கிருமி பற்றிய அறிவும் வந்தபின் குடற்புண் அறுவைகள் அருகிவிட்டன. அவற்றோடு மறைந்திருக்க வேண்டிய டம்பிங், எடைக்குறைப்பு அறுவையால் மீண்டும் மருத்துவரின் அறைக்கு வந்தது.

இயல்பான இரைப்பை ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும். அதன் அடியிலுள்ள பைலோரஸ் என்னும் தசைவளையம், மதகு போல, கூழான உணவைச் சிறிது சிறிதாகவே குடலுக்கு விடும். பைபாஸில் எஞ்சும் பையின் கொள்ளளவு ஏறத்தாழ 30 மில்லிலிட்டர்தான். உணவு பைலோரஸைத் தொடாமலே குடலுக்குள் இறங்கிவிடுகிறது. சர்க்கரை செறிந்த உணவு அப்படி இறங்கும்போது, இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கிறது. வயிறு உப்பி முறுக்குகிறது, நாடித்துடிப்பு ஏறுகிறது. உண்ட ஒரு மணி நேரத்துக்குள் நிகழும் இது முன்டம்பிங். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது பின்டம்பிங்: விரைந்து உறிஞ்சப்பட்ட சர்க்கரைக்கு எதிராக இன்சுலின் அளவுமீறிச் சுரக்க, இரத்தச் சர்க்கரை சரிந்து நடுக்கமும் மயக்கமும் உண்டாகின்றன. இரைப்பையை மட்டும் சுருக்கும் ஸ்லீவ் அறுவையில் பைலோரஸ் காக்கப்பட்டாலும், குறுகிய இரைப்பை வேகமாகக் காலியாவதால் அங்கும் டம்பிங் வருவதுண்டு. இனிப்பிலிருந்து நோயாளியைத் தடுக்கும் என்பதற்காக டம்பிங்கை நன்மையாகக் கொள்வது பொருந்தாது. அது ஒரு நோய், சிகிச்சைக்கு உரியது.

அடைப்பின் காரணம் வேறு. அவசரமாக விழுங்கிய கவளம், சரியாக மெல்லாத ஆட்டிறைச்சி, ரொட்டி, பிசுபிசுப்பாகக் குழைந்த சோறு ஆகியவை சிறுபையின் குறுகிய வாயில் தங்கிவிடுகின்றன. உமிழ்நீரும் கோழையும் மேலே திரண்டு நுரையாக வெளிவருகின்றன. அடைத்தவுடன் உண்பதை நிறுத்தி நிமிர்ந்திருப்பதும், மெல்ல நடப்பதும் நல்லது. தண்ணீர் குடித்துக் கீழே தள்ள முயல்வது வலியைக் கூட்டும். அன்றைய மீதிப் பொழுதில் நீராகாரத்தோடு நிற்பதே முறை.

அறுவைக்குப் பின் தெளிந்த நீர், கெட்டியான நீராகாரம், மசித்த உணவு, மென்மையான உணவு என்று சில வாரங்களில் படிப்படியாக ஏறுவர். அதன் பின்னும் ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிடம் ஒதுக்க வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பனீர் போன்ற புரதத்தை முதலிலும் சோற்றைக் கடைசியிலும் உண்பதும், மூன்று பெரிய வேளைகளை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரிப்பதும் பயன் தரும். தண்ணீரைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விட்டு, மிடறு மிடறாகக் குடிக்க வேண்டும். பாயசம், சர்பத், பழச்சாறு, சர்க்கரை மிகுந்த காபி ஆகியவை டம்பிங்கை எளிதில் தூண்டுவன. பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். முன்டம்பிங் வந்தால் அரை மணி நேரம் படுத்திருப்பது உதவும். பின்டம்பிங்கில் சர்க்கரை சரிந்தால் சிறிதளவு இனிப்பும், அதைத் தொடர்ந்து புரதமும் தேவை. இனிப்பு மட்டும் உண்டால் அதே சுழற்சி மீண்டும் தொடங்கும். உணவால் அடங்காதவர்களுக்கு அகார்போஸும், அதற்கும் அடங்காவிட்டால் ஆக்ட்ரியோடைடு ஊசியும் தரப்படுகின்றன.

எல்லாத் தொல்லையையும் உணவுக் கட்டுப்பாட்டின் குறையாகக் கருதுவது ஆபத்தானது. நாள்கணக்கில் நீளும் வாந்தி, இணைப்பு வாய் சுருங்கியதன் அடையாளமாக இருக்கலாம். அதை எண்டோஸ்கோப் வழியே விரிக்கலாம். வாந்தி தொடர்ந்தால் தயமின் என்னும் பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்து, பார்வைத் தடுமாற்றம், நடைத் தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவை கொண்ட மூளைப் பாதிப்பில் முடியலாம். இந்நிலையில் குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் செலுத்துவது கட்டாயம். புகைப்பழக்கமும் ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகளும் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். விரைந்து மெலிபவர்களுக்குப் பித்தப்பைக் கற்களும் தோன்றும். பைபாஸ் செய்தவருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் திடீரெனக் கடும் வயிற்றுவலி வந்தால், குடல் உள்ளேயே பிதுங்கிச் சிக்கியிருக்கக்கூடும். காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படுவது ஸ்லீவ் அறுவை. அதன் முக்கியத் தொல்லை நெஞ்செரிச்சல். அது மருந்துக்குக் கட்டுப்படாதபோது ஸ்லீவைப் பைபாஸாக மாற்றி அமைக்கின்றனர்.