மொட்டைக் கோபுரமும் உருளைக்கிழங்குக் கூடையும்

1844 ஜூன் மாதம். அமெரிக்காவிலிருந்து கப்பலேறிய ஐம்பத்திரண்டு வயதுக் கைம்பெண் ஒருவர் அயர்லாந்து மண்ணில் கால் வைத்தார். பெயர் ஆசனத் நிக்கல்சன். அங்கே ஊர் சுற்றியபோது அவர் கோலம் இது: தலையில் வெல்வெட் தொப்பி, கைகளுக்குக் குளிர் தாங்கக் கரடித்தோல் உறை, மேலங்கிக்குள் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பைகள் நிறைய வேதப் புத்தகங்கள்.

வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்து ஆசிரியையாக இருந்தவர் அவர். பிறகு நியூயார்க்கில் இறைச்சி, தேநீர், காபி, மது எதற்கும் இடமில்லாத விடுதியொன்றை நடத்தினார். அந்த ஊரின் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்த அயர்லாந்து ஏழைகளின் வீடுகளுக்குப் போய்வந்த பழக்கமும் உண்டு. இந்த ஜனங்கள் சொந்த ஊரில் எப்படி வாழ்கிறார்கள்? நேரில் பார்க்க வேண்டும், வேதம் வாசித்துக் காட்ட வேண்டும் என்று புறப்பட்டுவிட்டார்.

டப்ளினில் வேதாகமச் சங்கம் அவருக்குப் புத்தகங்கள் தந்தது. அவற்றில் ஐரிஷ் மொழிப் பிரதிகளும் இருந்தன. தனியாளாக, பெரும்பாலும் நடந்தே, பதினைந்து மாதங்கள் சுற்றினார்.

அப்படிப் போன இடங்களில் ஒன்று, விக்லோ மலைகளுக்கு நடுவே இருக்கும் கிளெண்டலாக். 'இரண்டு ஏரிகளின் பள்ளத்தாக்கு' என்று பொருள். 6ஆம் நூற்றாண்டில் கெவின் என்ற துறவி அங்கே மடம் அமைத்தார். இடிந்த தேவாலயங்களுக்கு மேலே, சுமார் 30 மீட்டர் உயரத்தில் கல்லால் எழுந்த வட்டக் கோபுரம் நிற்கிறது. அதன் வாசல் தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரத்தில். ஏணி வைத்தால்தான் ஏற முடியும். இன்று படங்களில் நாம் காணும் கூம்புக் கூரை 1876இல் மீண்டும் கட்டப்பட்டது. அந்த அம்மையாரின் காலத்தில் அது மொட்டைக் கோபுரம்.

அக்காலப் பயணிகள் பலர் இந்த இடிபாடுகளை வரைந்துகொண்டு, சத்திரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். இவரோ இடிபாடுகளுக்கு அருகிலிருந்த குடிசைகளுக்குள் தலை குனிந்து நுழைந்தார்.

உள்ளே என்ன இருந்தது? மண் தரை. கரிமண் எரியும் அடுப்பு. கண்ணைக் கரிக்கும் புகை. நடுவில் வேகவைத்த உருளைக்கிழங்கு கொட்டிய கூடை. வருகிறவர் யாரென்று கேட்பதற்கு முன்பே இருக்கை போட்டு, இருந்ததில் பங்கு வைத்தார்கள். அவர் புராட்டஸ்டன்ட், அவர்கள் கத்தோலிக்கர். ஆனாலும் நெருப்பின் அருகே உட்கார்ந்து அவர் வேதம் வாசித்தபோது கேட்டார்கள்.

சந்தேகம் வந்தது வேறு பக்கத்திலிருந்து. மாயோ கரையிலுள்ள அகில் தீவில் எட்வர்ட் நாங்கிள் என்ற பாதிரியார் புராட்டஸ்டன்ட் மிஷன் குடியிருப்பு நடத்திவந்தார். அங்கு கண்ட குறைகளை நிக்கல்சன் மறைக்கவில்லை. நாங்கிளின் பத்திரிகையோ, ஏதோ புரட்சிச் சங்கம் அனுப்பிய ஆள் இவர் என்கிற தொனியில் எழுதியது. வேதத்தைச் சுமந்து வந்தவரை வேதம் போதிப்பவரே ஐயுற்றது அந்தப் பயணத்தின் கசப்பான பக்கம்.

1845 ஆகஸ்டில் அவர் அயர்லாந்தைவிட்டுப் புறப்பட்டார். அடுத்த மாதமே உருளைக்கிழங்குச் செடிகளில் கருகல் நோய் தென்பட்டது. அந்த ஒரே பயிரை நம்பிச் சுமார் முப்பது லட்சம் பேர் வாழ்ந்த நாடு அது. அடுத்து வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதைவிட அதிகமானோர் கப்பலேறினார்கள். 1847இல் நிக்கல்சனின் பயண நூல் வெளிவந்தபோது, அதில் வரும் குடிசைகள் பல ஆளற்றுக் கிடந்தன. பஞ்சத்துக்கு முந்தைய அயர்லாந்து ஏழைகளின் வாழ்வை அறிய வரலாற்றாசிரியர்கள் இன்றும் அந்த நூலைப் புரட்டுவது இதனால்தான்.

பஞ்சம் தொடங்கிய செய்தி கேட்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. 1846 முடிவதற்குள் அயர்லாந்துக்கே திரும்பினார். டப்ளினின் குக் தெருவில் ஏழைகளுக்காக அவர் அடுப்பு மூட்டிய கதையும், அமெரிக்காவிலிருந்து அவருக்குக் கப்பலில் வந்த சோளமாவுப் பீப்பாய்களின் கதையும் அடுத்த வாரம்.

(தொடரும்)