களத்தில் வீழ்ந்தோர் கணக்கு: வன்னிப் போர்ச் செய்திகள் பற்றிய ஒரு நோக்கு

களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனையே பரணியின் பாட்டுடைத் தலைவனாக இலக்கணகாரர் விதித்தனர். அவ்வாயிரம் வெற்றியின் பெருமையை உணர்த்தும் அளவேயன்றி எண்ணிக் கண்ட தொகை அன்று. இக்காலப் போர்ச் செய்திகளில் வரும் எண்களோ எண்ணிக் கண்டனவாகவே வாசகர் முன் வைக்கப்படுகின்றன. ஆயினும் அவற்றுள்ளும் பரணியின் ஆயிரம் மறைந்திருத்தல் கூடும் என்பதற்கு வன்னிப் போர்களின் வரலாறு தக்க சான்றாகும்.

1996 யூலை 18இல் முல்லைத்தீவுப் படைமுகாம் விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டபோது, அவ்வாண்டு ஏப்பிரலில் விதிக்கப்பட்ட இராணுவச் செய்தித் தணிக்கை நடைமுறையில் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் மாண்டமை நாட்கள் பல சென்ற பின்னரே தெளிவாயிற்று. 1998 செப்டெம்பர் இறுதியில் கிளிநொச்சியில் நிகழ்ந்த சமரிலும் இரு தரப்பாரின் தொகைகள் முரண்பட்டன. இவ்விரு சமர்களின் பின்னரும் புலிகள் கையளித்த படையினரின் உடல்களைச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் பொறுப்பேற்றது. கூற்றைக் கூற்றால் மறுக்கலாம். மூன்றாந் தரப்பொன்று கைமாற்றிய உடல்களை மறுத்தல் அரிது. எனினும் உடல் கிடையாதோரும் அடையாளங் காணப்படாதோரும் ‘காணாமற் போனோர்’ என்னும் நிரலிலே நின்றனர். அந்நிரல் இறந்தோர் தொகையைக் குறைத்துக் காட்டியதோடு, பெற்றோரையும் மனைவியரையும் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கவும் வைத்தது.

இறுதிப் போரிலோ இத்தகைய சோதனைக்கும் இடம் அருகியது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளர் வன்னியை விட்டு வெளியேறினர். சுதந்திரமான செய்தியாளர் களத்துக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில், தன் இழப்பு விவரங்களை வெளியிடுவதைப் படைத்தரப்பு நிறுத்திக்கொண்டது. எதிரியின் இழப்பை மாத்திரம் தொடர்ந்து அறிவித்தது. இரணைமடு நீரால் விளையும் வயல்களைக் கொண்ட முரசுமோட்டை, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் வீதியில் உள்ளது. 2009 ஜனவரி தொடக்கத்தில் பரந்தனும் கிளிநொச்சியும் வீழ்ந்தபின் படையினர் இவ்வீதி வழியே கிழக்கு நோக்கி முன்னேறினர். அம்மாதத்திலேயே முரசுமோட்டையும் அவர்கள் வசமாயிற்று. அங்கு வீழ்ந்தோர் எத்தனை பேர் என்பதை அக்காலச் செய்திகளைக் கொண்டு துணிதல் இயலாது.

போர் முடிந்ததும் 2009 மே மாதத்தில், 2006 முதல் தன் படையினர் 6,261 பேர் மாண்டனர் என அரசு அறிவித்தது. அதே காலத்தில் கொல்லப்பட்ட புலிகள் ஏறத்தாழ 22,000 பேர் எனப் படைத்தரப்பு உரைத்தது. புலிகள் 2008 நவம்பரில் வெளியிட்ட கணக்கோ, 1982 முதல் தம்மவர் 22,390 பேர் மாண்டனர் என்கிறது. 26 ஆண்டுகளின் இழப்பாக ஒரு தரப்புக் கூறியதும், மூன்றே ஆண்டுகளின் இழப்பாக மறுதரப்புக் கூறியதும் ஏறக்குறைய ஒன்றாயிருத்தல் நோக்கற்பாலது. இறுதி ஆறு மாதங்களின் இழப்பு முன்னைய கணக்கில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் அம்மாதங்களில் பொதுமக்களும் போராளிகளும் ஒரே ஒடுங்கிய நிலப்பரப்பில் இருந்தனர். ஆதலின் பின்னைய தொகையுள் எவரெவர் அடங்குவர் என்னும் வினா எழாதிருத்தல் இயலாது.

வியட்நாம் போரில் அமெரிக்கத் தளபதிகள் எதிரியின் உடல்களை எண்ணுதலையே முன்னேற்றத்தின் அளவுகோலாகக் கொண்டனர். அவ்வெண்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்னும் கண்டனம் அன்றே எழுந்தது. ஆனால் 1982இல் வாஷிங்டனில் எழுப்பப்பட்ட நினைவுச் சுவரில் அமெரிக்கரின் இழப்பு பெயர்களாகப் பொறிக்கப்பட்டுள்ளது. இன்று 58,000க்கும் மேற்பட்ட அப்பெயர்களைப் பற்றி அத்தகைய வழக்கு இல்லை. காரணம் வெளிப்படை. எண்ணைக் கூட்டவும் குறைக்கவும் அதிகாரம் உடையோரால் இயலும். பெயருக்கோ ஒரு வீடும் ஓர் ஊரும் சாட்சியாக நிற்கும்.

ஆகவே, களத்து எண்களை ஆராய்வோர் அவற்றைக் கூறியவர் எவர், எதனைக் கண்டு கூறினர் என்று வினவுதலோடு அமைதல் போதாது. முரசுமோட்டை வீதியிற் சென்று மீளாதோர் எத்தரப்பினராயினும், எம்மொழியினராயினும், பெயர் பெயராகத் திரட்டப்படும் வரை அப்போரின் வரலாறு நிறைவுற்றதாகாது.