கருகிய கேழ்வரகு

ஜவ்வாது மலையடிவாரத்தில், திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளி. 1960-களில் மத்திய தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது, புதிய கற்காலக் குடியிருப்பில் கிடைத்த புதையல் என்ன தெரியுமா? கருகிய கேழ்வரகு, கொள்ளு, பச்சைப்பயறு! மூவாயிரம் வருஷம் எப்படித் தாங்கின? கரியாகிவிட்ட தானியத்தைப் பூச்சி தின்னாது, மண்ணும் சுலபத்தில் மக்கவைக்காது. யாரோ ஒருத்தி அடுப்பில் தவறவிட்டதோ என்னவோ, இன்று சரித்திரம்!

மலைமேல் சாமை. உரலில் குத்தி உமி நீக்குவதற்குள் பெண்களுக்குக் கை ஓய்ந்துவிடும். ரேஷன் அரிசி வந்ததும் உலக்கை மூலைக்குப் போனதில் ஆச்சர்யமில்லை.

என் பாட்டி முருங்கைக்கீரை போட்டு விறகடுப்பில் சுடும் கேழ்வரகு அடையிலும் ஓரம் கருகும். அதற்குத்தான் எங்களுக்குள் அடிதடி! பக்குவத்தை மட்டும் யாரும் கேட்டுவைக்கவில்லை. தானியம் கருகினாலும் மிஞ்சுகிறது. கைப்பக்குவம்? உங்க பாட்டி இருக்காங்களா? இன்னிக்கே கேட்டுடுங்க!