ஆக்லாந்து நகர மண்டப வீதி: வாகனங்களுக்கா, பாதசாரிகளுக்கா?

நியூசிலாந்தின் மிகப்பெரிய நகரான ஆக்லாந்தில், மாநகர சபை கூடும் நகர மண்டபம் குயின் வீதியில் அமைந்துள்ளது. 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இக்கட்டடத்தின் முன்னால் செல்லும் வீதியில் வாகனங்களுக்கு எவ்வளவு இடம், நடந்து செல்வோருக்கு எவ்வளவு நேரம் என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடப்பட்டு வருகிறது.

அரசுக் கட்டடங்களை அடுத்த வீதிகளில் இரு தேவைகள் மோதுகின்றன. முறையிடவும் கூட்டங்களில் பங்கேற்கவும் வருவோரில் முதியோரும் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோரும் உண்டு. அருகிலுள்ள ஆவோடெயா சதுக்கத்தில் பொதுக்கூட்டங்கள் நடைபெறுகின்றன. அதேவேளை, பேருந்துகளும் சரக்கு வாகனங்களும் அவ்வழியே சென்றாக வேண்டும்.

நேரத்தைப் பிரித்தல்

முதலில் பகிர்ந்தளிக்கப்பட்டது நேரம். அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர் ஹென்றி பார்ன்ஸின் பெயரால் 'பார்ன்ஸ் நடனம்' என்று அழைக்கப்படும் முறை, 1958இல் குயின் வீதிச் சந்திகளுக்கு வந்தது. இதன்படி எல்லாத் திசை வாகனங்களும் ஒரே நேரத்தில் நிறுத்தப்படும். பாதசாரிகள் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் கடக்கலாம். திரும்பும் வாகனங்கள் நடப்போர் மீது மோதும் அபாயம் இதனால் வெகுவாகக் குறைகிறது.

எனினும், சமிக்ஞைச் சுற்று நீள்வதால் வாகனங்கள் மட்டுமன்றிப் பாதசாரிகளும் கூடுதலாகக் காத்திருக்க நேரிடுகிறது. பொறுமையிழந்தோர் சிவப்பு விளக்கிலேயே கடக்க முற்பட்டால், முறையின் நோக்கமே பழுதாகிவிடும்.

இடத்தைப் பிரித்தல்

பின்னர் இடமும் பிரிக்கப்பட்டது. நகர மண்டபத்தை ஒட்டிய குயின் வீதிப் பகுதி 'அத்தியாவசிய வாகனப் பகுதி' என அறிவிக்கப்பட்டது. பேருந்துகள், சரக்கு வாகனங்கள், மிதிவண்டிகள், மோட்டார் சைக்கிள்கள், அவசர ஊர்திகள் ஆகியவற்றுக்கு அனுமதி வழங்கப்பட்டது. சாதாரணக் கார்கள் நுழைந்தால் அபராதம் விதிக்கப்பட்டது. அறிவிப்புப் பலகைகள் தெளிவாக இல்லை என்று அபராதம் செலுத்திய ஓட்டுநர்கள் பலர் குறை கூறினர். ஓட்டுநருக்குப் புரியாத விதி, பாதுகாப்பைவிட அதிருப்தியையே வளர்க்கும் என்பதை இது உணர்த்துகிறது.

வேகமும் அதிகாரமும்

மூன்றாவது வழி வேகக் குறைப்பு. 2020 ஜூன் 30 முதல் நகர மையத்தின் பெரும்பாலான வீதிகளில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. இதன் அடிப்படை எளிய இயற்பியல். வேகம் 30இலிருந்து 50 ஆக உயரும்போது வாகனத்தின் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 2.8 மடங்காகிறது. மோதலின் தாக்கம் அதற்கேற்பக் கடுமையாகும்.

ஆனால் வேக வரம்பு நகர நிர்வாகத்தின் கையில் மட்டும் இல்லை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தேசிய விதி, 2020 முதல் குறிப்பிட்ட சில வகைச் சாலைகளில் குறைக்கப்பட்ட வரம்புகளை 2025 ஜூலை 1க்குள் மீண்டும் உயர்த்தப் பணித்தது. ஆக்லாந்துப் பிராந்தியத்தில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட சாலைகள் இதற்கு உட்பட்டன. பயண நேரமும் பொருளாதாரமும் முக்கியம் என்றது அரசாங்கம். உயிர்களுக்கு ஆபத்து கூடும் என்றனர் எதிர்ப்பாளர்கள். பள்ளி வாயில்களில் மட்டும், மாணவர்கள் வந்து செல்லும் வேளைகளில் குறைந்த வேகத்தை அவ்விதி கட்டாயமாக்கியது.

சமிக்ஞை விளக்கின் சில விநாடிகளும், பலகையிலுள்ள ஓர் எண்ணும் பொறியாளரின் கணக்காகவே தோன்றலாம். யாருடைய நேரம் பெறுமதியானது, யார் காத்திருக்க வேண்டும் என்ற அரசியல் முடிவும் அவற்றில் அடங்கியுள்ளது என்பதையே ஆக்லாந்தின் அனுபவம் காட்டுகிறது. அம்முடிவை எடுப்போர் கூடும் மண்டபத்தின் வாசலிலேயே அதன் விளைவும் தெரிகிறது.