எல்லை மண்ணில் சிலுவை – 14: பெரியண்ணன், சின்னண்ணன்

1799 மே 4. திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. சிதறிப்போன கிறிஸ்தவர்களைத் தேடிச் சேர்க்கப் பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா புறப்பட்டார் என்று சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அதற்குள் ஓசூரிலிருந்து ஒரு கடிதம். சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி, சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். மாதத்தில் பாதி நைட் ஷிஃப்ட். ஞாயிற்றுக்கிழமை தூங்கத்தான் முடிகிறதாம். "ரூமிலேயே வேதம் வாசித்து ஜெபித்துக்கொள்கிறேன். அது போதாதா ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

இரண்டு நாளாக அந்தக் கடிதம் என் மேசையில் கிடக்கிறது. துபுவா காத்திருக்கட்டும். தம்பிக்குப் பதிலாக, அவர் இருக்கும் பக்கத்துக் கதை ஒன்றையே சொல்கிறேன்.

1911 வரை ஓசூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் எல்லாமே ஒரே சேலம் மாவட்டம். அந்தத் திருப்பத்தூரில் 1921-இல் இரண்டு மருத்துவர்கள் ஓர் ஆசிரமம் தொடங்கினார்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் ஜேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்துப் பிள்ளை. பிரிட்டனில் பழகியவர்கள், இருவருமே மணம் செய்துகொள்ளாமல் இங்கே வந்து சேர்ந்தார்கள். சபை என்றோ மிஷன் என்றோ பெயர் வைக்கவில்லை. கிறிஸ்துகுலம் என்று வைத்தார்கள். குலம் என்றால் குடும்பம்.

அந்தக் காலத்து மிஷன் பங்களாவை நினைத்துப் பாருங்கள். பள்ளி தந்தார்கள், ஆஸ்பத்திரி தந்தார்கள், உயிரையும் தந்தார்கள். ஆனால் நம்மவரைத் திண்ணையோடு நிறுத்தாமல் சமமாக உட்காரவைத்துச் சாப்பிட்டவர்கள் மிகச் சிலர். 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், வெள்ளாளன்விளையில் பிறந்த தமிழ்ப் போதகர் அசரியா எழுந்து நின்று இதை முகத்துக்கு நேராகவே சொன்னார். உங்கள் தியாகத்துக்கு நன்றி, எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்பதே அவர் பேச்சின் சாரம். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பங்களாத் திண்ணையை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

பேட்டன் அந்தத் திண்ணையை விட்டு இறங்கி வந்தவர். கதர் உடுத்தினார், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஆசிரமத்தில் ஜேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். ஆளும் இனத்தில் பிறந்தவர், ஆளப்படும் இனத்தவரை மூத்தவராக ஏற்று வாழ்நாளெல்லாம் சின்னவராகவே இருந்தார்! போர்க்களத்தில் வாள் சுழற்றியவர்களைப் பற்றி இத்தொடரில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவர்களில் யாரையும் இவருக்கு மேலே வைக்க மாட்டேன்.

1932-இல் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதர் உடுத்தி நின்ற பேட்டனைப் போலீஸ் அடித்தது, சாயத் தண்ணீரைப் பீய்ச்சியது, கைது செய்தது. விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது, வழக்கைக் கைவிட்டார்கள். அவர் திருப்பத்தூருக்கே திரும்பினார். அவருடைய குடும்பம் அங்கேதானே இருந்தது.

அந்தக் குடும்பம் கட்டிய ஜெபாலயம் இன்றும் நிற்கிறது. கோபுரமும் கல் மண்டபமுமாக, தென்னாட்டுக் கோயில் அமைப்பு. உள்ளே பெஞ்சு கிடையாது. வருகிறவர் யாரானாலும் தரையில் ஒன்றாகத்தான் உட்கார வேண்டும்.

தம்பி, தனி ஜெபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. இயேசுவும் தனியே மலைக்குப் போனவர்தான். ஆனால் கெத்செமனே இரவில் மூன்று பேரைத் தம்மோடு விழித்திருக்கச் சொன்னார். அவருக்கே துணை வேண்டியிருந்தது. அடுத்த வார ஓய்வில் கிருஷ்ணகிரி போய் திருப்பத்தூர் பஸ் பிடியுங்கள். ரூமில் கூட இருப்பவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவர் எந்த மதமானாலும் சரி.

துபுவா அடுத்த வாரம்.